அளவு ஜாக்கெட் 1942: பழைய ஏ-2 விமானி ஜாக்கெட்டை அப்படியே தைக்க முடியுமா?

1. டேட்டன்வாசி

வணக்கம். ஒஹையோ மாநிலத்து டேட்டனில் இருக்கிறேன். போன மாதம் அடுத்த தெருவில், காலமான ஒரு பெரியவரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். கார் கொட்டகையில், புல்வெட்டிக்கு மேலே ஓர் ஆணியில் தோல் ஜாக்கெட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. தோள்பட்டிகள், மூடி வைத்த இரண்டு பைகள், ஒரே துண்டாக வெட்டிய முதுகு, காலர் முனையில் ஒளித்து வைத்த பிரஸ் பட்டன், தொண்டைக்கு ஒரு கொக்கி. மணிக்கட்டிலும் இடுப்பிலும் இருந்த ரிப் பின்னலைப் பூச்சி தின்றுவிட்டது. லேபிள் இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் லைனிங் வெளுக்காமல் ஒரு சிறு செவ்வகம் தெரிகிறது.

அமெரிக்க இராணுவ விமானப் படையின் ஏ-2 ஜாக்கெட் இது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 1931 மே மாதம் அதிகாரபூர்வ உடையானது. வரைபட எண் 30-1415. அந்த உடை வேலைகளைக் கவனித்த பிரிவு இருந்ததே எங்கள் ஊர் ரைட் ஃபீல்டு விமானத் தளத்தில்தான்.

நான் ஆறடி. இது எனக்குப் பத்தாது, பத்தினாலும் போட மனம் வராது. டிசம்பரில் தங்கை மகள் கல்யாணத்துக்குச் சென்னை வருகிறேன். அங்கே ஒரு தோல் ஆடைப் பட்டறையில் இதைப் போலவே ஒன்று தைக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டேன். முதல் கேள்வியே “அளவு ஜாக்கெட் இருக்கிறதா சார்?” பக்கத்தில் இருந்த மனைவி சிரித்ததில் அடுத்த வரி காதில் விழவில்லை. மறுபடி கேட்டேன். “பழையதைப் பிரித்துக் கொடுத்தால் நூல் பிசகாமல் தைத்துத் தருகிறோம்” என்றார்கள்.

பிரிக்கலாமா?

2. ஏட்டுச்சுவடி

கூடாது. பிரித்த பிறகு உங்களிடம் ஜாக்கெட் இருக்காது, பழந்தோல் துண்டுகள்தான் இருக்கும்.

பழைய புத்தகங்களின் தோல் அட்டைகளைச் செப்பனிடுவது என் தொழில். எண்பது ஆண்டு ஆன தோலில் தையல் துளைகள் தபால்தலை ஓரம் மாதிரி. அதே துளையில் மறுபடி நூல் ஏற்றி இழுத்தால் வரிசையாகக் கிழியும். ஒன்று பாருங்கள்: மடிப்புகளில் விரல் வைத்தால் சிவந்த பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் தோல் உள்ளுக்குள் அமிலத்தால் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண்ணெய், மெழுகு எதையும் தடவாதீர்கள். கடைக்காரர் எது சொன்னாலும் தடவாதீர்கள்.

3. சும்மாபார்வை

ஒரு சந்தேகம். இணையத்தில் நூறு டாலருக்கு “பாம்பர் ஜாக்கெட்” குவிந்து கிடக்கிறது. விமானம் ஓட்டாதவர், போருக்குப் போகாதவர், டிசம்பர் சென்னையில் குதிரைத் தோல் போர்த்திக்கொள்வதற்கு இத்தனை ஆராய்ச்சியா? புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை நினைவுக்கு வருகிறது.

4. ஹிமேஜிக்காரன்

பூனைகளின் தலைநகரிலிருந்து எழுதுகிறேன். வேலை நிமித்தம் ஜப்பானில் ஒன்பது ஆண்டு. ஹிமேஜி ஊர் கோட்டைக்கு மட்டுமல்ல, தோலுக்கும் பேர்போனது. இங்கே ஷின்கி என்ற டேனரியின் (தோல் பதனிடும் ஆலையின்) குதிரைத் தோலுக்காக உலகம் முழுவதும் ஜாக்கெட் பைத்தியங்கள் காத்திருக்கிறார்கள். கோபேயைச் சேர்ந்த ரியல் மெக்காய்ஸ், டோயோ எண்டர்பிரைஸ் நிறுவனம் 1993 முதல் நடத்தும் பஸ் ரிக்சன்ஸ் எல்லாம் ஏ-2வின் ஜிப்பைக்கூட விட்டுவைக்காமல் டேலன், கிரௌன் என்ற பழைய ஜிப் நிறுவனங்களின் வார்ப்பில் மறுபடி செய்கிறவர்கள். இங்கிலாந்தில் டெவன் பக்கம் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தின் கேலஷீல்ஸில் ஏரோ லெதர். இந்த ஏரோ, போர்க்காலத்தில் நியூயார்க் மாநிலத்து பீக்கனில் இருந்த பழைய ஒப்பந்தக்காரரின் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டது.

நூறு டாலர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கையை மேலே தூக்கிப் பாருங்கள். உடம்புப் பகுதி முழுவதும் கூடவே ஏறும். நல்ல ஏ-2 அசையாது. வித்தியாசம் அக்குளில் இருக்கிறது, சும்மாபார்வை அவர்களே.

டேட்டன்வாசி, லேபிள் இல்லை என்று கவலைப்படாதீர்கள். வரைபடம் ஒன்றுதான், ஆனால் ஒப்பந்தம் எடுத்த ஒவ்வொருவரும் தன் கட்டிங் மாஸ்டரின் கைப்பழக்கத்தில் வெட்டினார்கள். ரஃப் வேர், பெர்ரி, டூபோ, ஸ்டார், கேபிள், பிராங்கோ, டொனிகர் என்று பெரிய பட்டியல். காலர் முனை எவ்வளவு கூர்மை, பை மூடியின் வளைவு எப்படி, தோள்பட்டித் தையல் எந்த இடத்தில் திரும்புகிறது, காலருக்குத் தனி அடிப்பட்டை இருக்கிறதா என்று பார்த்தே வம்சம் சொல்லிவிடுவார்கள். படங்களைப் போடுங்கள்.

5. கத்தரிக்கோல்

தம்பி டேட்டன்வாசிக்கு. குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்துப் பட்டறைகளில் நாற்பது ஆண்டு கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவன். ஏற்றுமதி ஜாக்கெட்டுகள் வெட்டிய கை. ஏ-2 என்ற பெயரில் ஐரோப்பாவுக்குப் போன எத்தனையோ சரக்கை நானே வெட்டியிருக்கிறேன். இப்போது சொல்லலாம், அவை எதுவும் ஏ-2 அல்ல.

காரணம் சொல்கிறேன். எங்களுக்கு வந்த தோல் 0.6, 0.7 மில்லிமீட்டர் கனத்தில் நப்பா என்ற மெல்லிய ஆடைத் தோல். புடவை மாதிரி விழும். அந்தத் தோலுக்குக் கைக்குழியை இறக்கி, உடம்பைத் தளர்த்தி வெட்டினால்தான் கடையில் மாட்டும்போது எல்லோருக்கும் ஏறும். போர்க்காலத் தோலோ ஒரு மில்லிமீட்டருக்கு மேல், விறைப்பு. விறைத்த தோலைத் தளர்வாக வெட்டினால் அட்டைப்பெட்டி போட்டுக்கொண்ட மாதிரி நிற்கும். அதனால் அந்தக் காலத்து மாஸ்டர் கைக்குழியை மேலே ஏற்றி, கையை முன்பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்தான். உட்கார்ந்து கைப்பிடியைப் பிடிக்கிறவனுக்குத் தைத்த உடுப்பு அது. நின்று கண்ணாடி பார்க்கிறவனுக்கு அல்ல. இடுப்போடு முடிவதும் அதனால்தான்.

பிரிப்பது பற்றி. ஏட்டுச்சுவடி அம்மா சொன்னது சரி. இன்னொன்றும் உண்டு. பிரித்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 1942 பேட்டர்ன் அல்ல. எண்பது ஆண்டு ஆணியில் தொங்கியதில் கழுத்து நீண்டிருக்கும். முழங்கை பை விட்டிருக்கும். மடிப்பு விழுந்து விழுந்து கை அரை அங்குலமாவது ஏறியிருக்கும். அதை அப்படியே படியெடுத்துப் புதுத் தோலில் வெட்டினால், பிறக்கும்போதே கூன் விழுந்த பிள்ளை பிறக்கும்.

முதலில் முடிவு செய்யுங்கள்: பட்டறையிலிருந்து வெளியே போன அன்றைய ஜாக்கெட் வேண்டுமா, கொட்டகையில் நீங்கள் பார்த்த ஜாக்கெட் வேண்டுமா? இரண்டுக்கும் வேறு வேறு பேட்டர்ன்.

6. டேட்டன்வாசி

ஐயா, அந்தக் கடைசிக் கேள்வி இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை. என்னை இழுத்தது கொட்டகையில் இருந்ததுதான். அந்தத் தேய்மானம், முழங்கையில் வெளியே தெரிகிற வெளிர் பழுப்பு. ஆனால் அது வேறொருவர் தேய்த்த தேய்மானம்.

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு: சிவப்புப் பொடி இல்லை. ஜிப் டேலன். சனிக்கிழமை இங்குள்ள விமானப் படை அருங்காட்சியகத்துக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஏ-2க்கள் முன்னால் ஒரு மணி நேரம் நின்றேன். காவலர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். ஒன்று கவனித்தேன். அவை அழகாக இல்லை. ஒரே ஜாக்கெட்டில் இடக்கை ஒரு நிறம், வலக்கை வேறு நிறம். பைகள் கொஞ்சம் கோணல்.

7. ஹிமேஜிக்காரன்

அதேதான்! அவை அவசரத்தில், குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்தவர்கள் தைத்தவை. இங்கே கோபேயில் இன்று விற்கும் பிரதியில் ஒரு தையல் பிசகாது. கடைக்காரரிடம் கேட்டேன், அசலைவிட உங்களுடையது நேர்த்தியாக இருந்தால் அது பிரதி ஆகுமா என்று. சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்தார்.

இன்னொரு சிக்கல், படைக் கிடங்குகளில் பழைய ஜாக்கெட்டுகளுக்கு மறுசாயம் அடித்துத் திரும்பக் கொடுத்தார்கள். எனவே இன்று நாம் “அசல் நிறம்” என்று மயங்கும் அடர்பழுப்பில் ஒரு பகுதி, கிடங்கில் அடித்த சாயம். உங்களுடையதில் ரிப் பின்னல் ஓரத்திலும் லைனிங் விளிம்பிலும் சாயம் சிந்தியிருக்கிறதா பாருங்கள்.

8. ஆம்பூர்ப்பதம்

தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, டேனரியில் குப்பை கொட்டுகிறவன். தோல் விஷயத்தைக் கொஞ்சம் பேசலாம்.

குதிரைத் தோலை அமெரிக்கர்கள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. நூறாண்டுக்கு முன் அந்த நாட்டில் இரண்டு கோடிக்கு மேல் குதிரைகள் இருந்தன. டிராக்டரும் லாரியும் வந்ததும் அவற்றுக்கு வேலை போயிற்று, தோல் மலிந்தது. இறுகிய இழை, காற்றை நன்றாகத் தடுக்கும். பின்பாகத்துத் தோல் உயர்ரகச் சப்பாத்துக்குப் போகும், ஜாக்கெட்டுக்கு முன்பாதி. தமிழ்நாட்டில் அதைத் தேடாதீர்கள், கிடைக்காது. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து சிகாகோ தூரமில்லை, ஹார்வீன் டேனரி இன்றும் குதிரைத் தோல் பதனிடுகிறது.

ஆனால் நான் சொல்வது ஆட்டுத்தோல். முகம் சுளிக்க வேண்டாம். போர்க்காலத்திலேயே சில ஒப்பந்தங்கள் ஆட்டுத்தோலில் வந்தன. ஸ்பீவாக் நிறுவனம் தைத்ததைப் பாருங்கள். கடற்படை விமானிகளின் ஜி-1 ஜாக்கெட்டும் ஆட்டுத்தோல்தான். 1988இல் அமெரிக்க விமானப் படை ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தபோதும் ஆட்டுத்தோலில்தான் கொடுத்தது. அதற்கு எங்கள் ஊரைவிட நல்ல இடம் உண்டா?

பதம் எது என்பதுதான் பேச வேண்டியது. குரோம் பதம் (குரோமிய உப்பில் பதனிட்டது) என்றால் வெட்டிய ஓரம் நீலச் சாம்பலாக இருக்கும். சாயம் ஏற்றி மறைத்திருந்தால், ஒரு நறுக்கை எரித்துப் பாருங்கள், சாம்பல் பச்சையாக வரும். தாவரப் பதம் (மரப்பட்டை, காய்களில் பதனிட்டது) என்றால் ஓரம் பழுப்பு, எரித்தால் கரி. நீங்கள் சொல்லும் அந்த வெளிர் பழுப்புத் தேய்மானம் தாவரப் பதம் கொடுப்பது. உள்ளே பழுப்பாக இருந்தால்தானே மேற்பூச்சு தேய்ந்து பழுப்பு வரும்! ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டு மதராஸ் மாகாணத்தில் பதனிட்ட தோல் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போன காலம் உண்டு. இன்றும் தாவரப் பதத்தில் ஆட்டுத்தோல் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனம் கேளுங்கள். “எதற்கு சார் இவ்வளவு மொத்தம், செருப்புக்கா?” என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: முதுகு ஒரே துண்டு. நம் ஆட்டுத்தோல் ஒன்று நான்கைந்து சதுர அடிதான் வரும். முதுகுக்கு மட்டும் பெரிய தோலாக, நடுவில் வடு இல்லாததாகத் தனியே பொறுக்குங்கள்.

9. சீனன்குடா

நான் திருகோணமலை. பெயரைப் பார்த்தாலே தெரிந்திருக்கும். 1944 ஆகஸ்டில் எங்கள் சீனன்குடாவிலிருந்துதான் பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் புறப்பட்டன. அந்த வெயிலில் தோல் ஜாக்கெட்டோடு யாரேனும் நின்றிருந்தால் அவருக்காக இன்று வருந்துகிறேன்.

ஆனால் இந்தியாவில் இந்த ஜாக்கெட்டுக்கு உண்மையாகவே ஒரு பங்கு உண்டு. சீனா–பர்மா–இந்தியா போர்முனையில், அசாமின் சாபுவா, திஞ்ஜான் தளங்களிலிருந்து இமயத்தின் மேல் பறந்து சீனாவின் குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றியவர்கள், தங்கள் சின்னங்களை உள்ளூர்க் கைவினைஞர்களிடம் செய்து வாங்கினார்கள். சீனச் சூரியனும் இந்திய நட்சத்திரமும் மேலே, சிவப்பு வெள்ளைக் கோடுகள் கீழே கொண்ட அந்தப் போர்முனையின் கேடயச் சின்னத்தைச் சாயமிட்ட தோல் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்திருப்பார்கள். இந்த ஆள் சீனாவுக்கு உதவ வந்த வெளிநாட்டவர், காப்பாற்றுங்கள் என்று சீன மொழியில் எழுதிய துணியை முதுகிலோ லைனிங்கிலோ தைத்துக்கொண்டார்கள். சேகரிப்பாளர்களிடம் இன்று அந்த இந்தியத் தையலுக்குத் தனி மதிப்பு. தைத்தவர் பெயர் மட்டும் எதிலும் இல்லை.

10. சும்மாபார்வை

சீனன்குடா சொன்னது என் வாயை அடைத்துவிட்டது. ஆனால் முழுவதும் அல்ல. சின்னங்கள் என்றீர்களே, அதில்தான் எனக்கு உறுத்தல். இங்கிலாந்திலிருந்து பறந்த குண்டுவீச்சுக் குழுவினர் முதுகில் விமானத்தின் பெயரையும், போய் வந்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுப் படத்தையும் வரைந்துகொண்டார்கள் அல்லவா? முதலில் 25 முறை போய் வந்தால் ஊர் திரும்பலாம் என்று வைத்திருந்தார்கள். பிறகு அந்த எண்ணை 30, 35 என்று ஏற்றினார்கள். அந்தக் குண்டுகளைப் புது ஜாக்கெட்டில் வரைந்து விற்கிறார்களே, அது என்ன நியாயம்?

11. ஏட்டுச்சுவடி

முதல் முறையாக உங்களோடு உடன்படுகிறேன். வெட்டு, தோல், நூல் எல்லாம் பிரதி எடுக்கலாம். இன்னொருவர் உயிரோடு திரும்பிய கணக்கை எடுக்கக் கூடாது.

லேபிளும் அப்படித்தான். எனக்கே நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விற்பனையாளரிடம் தம்பிக்காக “அசல் 1943” ஒன்று வாங்கினேன். லேபிள் மங்கி, ஓரம் பிசிறி, நம்பும்படியாக இருந்தது. வீட்டுக்கு வந்து புறஊதா விளக்கில் காட்டினால் தையல் நூல் நீலமாக ஜொலிக்கிறது. துணியையும் நூலையும் வெளுப்பாகக் காட்டும் ஒளிர் வேதிப்பொருள்கள் பரவலானது போருக்குப் பிறகு. தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த புது லேபிள், அவ்வளவுதான். பணம் திரும்பவில்லை.

(இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். அசல் ஜாக்கெட்டின் லைனிங்கை யாரோ 1970களில் சலவைத் தூள் போட்டுக் கழுவியிருந்தால் அதுவும் ஜொலிக்கும்.)

12. கத்தரிக்கோல்

இன்னும் பிரிக்கவில்லையே? நல்லது. பிரிக்காமல் பேட்டர்ன் எடுக்கும் வழி இது.

மேசையில் பருத்தித் துணி விரித்து ஜாக்கெட்டைப் படுக்க வையுங்கள். குண்டூசி குத்தவே கூடாது. தோலில் போட்ட துளை மூடாது. ஒட்டுநாடாவும் தோலில் நேராகப் படக் கூடாது, மேற்பூச்சு உரிந்து வரும். சிறு துணிப்பைகளில் அரிசி கட்டி, எடையாக வைத்து, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே தட்டையாக்கி மேலே மெல்லிய வெண்ணெய்த்தாள் போடுங்கள். தையல் கோட்டை விரலால் தடவி உணர்ந்து பென்சிலில் வரையுங்கள். இடது, வலது இரண்டையும் வரைந்து ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

பிறகு தையலை எண்ணுங்கள். பை மூடி சின்னது, இரட்டைத் தோல், நீண்டிருக்காது. அதில் அங்குலத்துக்கு எத்தனை? அதே எண் முழங்கையில், கழுத்தில் இருக்கிறதா? குறைந்தால் அங்கே தோல் இழுபட்டிருக்கிறது. அந்த அளவுக்குத் தாளில் குறையுங்கள்.

உங்கள் அளவுக்கு ஏற்றும்போது சுற்றிலும் ஒரே மாதிரி ஒரு அங்குலம் கூட்டிவிடாதீர்கள், கத்துக்குட்டி வேலை அது. தோளிலும் மார்பிலும் கூட்டலாம். கைக்குழியின் ஆழத்தில் கை வைக்காதீர்கள். எல்லாம் முடிந்ததும் காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பாருங்கள்.

13. டேட்டன்வாசி

மூன்று வார இறுதி போயிற்று. பை மூடியில் 9 தையல், வலது முழங்கைக்குப் பின்னால் 8. இடது முழங்கையில் 9தான். அந்தப் பெரியவர் வலக்கையால் எதையோ நிறைய தூக்கியிருக்கிறார்.

ரிப் பின்னலில் சாயம் சிந்தவில்லை, ஆக மறுசாயம் இல்லை. படங்களைப் பார்த்தவர்களில் நான்கு பேர் தனிமடலில் ரஃப் வேர் என்கிறார்கள், ஒருவர் மட்டும் இல்லவே இல்லை என்று சண்டை போடுகிறார்.

காடாவில் தைத்தேன் (மனைவிதான் தைத்தாள்). உட்கார்ந்தால் கன கச்சிதம். நின்றால் சட்டை இரண்டு அங்குலம் வெளியே தெரிகிறது. இரண்டு அங்குலம் நீட்டிக்கொள்ளலாமா?

14. ஹிமேஜிக்காரன்

மாட்டேன் என்று சொல்லுங்கள் ஐயா.

15. கத்தரிக்கோல்

மாட்டேன்.

தம்பி, அந்தக் காலத்துக் கால்சட்டை தொப்புளுக்கு மேலே ஏறும். ஜாக்கெட் அதோடு போய்ச் சேர்ந்தது. நீங்கள் அணிவது இடுப்பு எலும்பில் தொங்குகிறது. ஜாக்கெட்டை நீட்டாதீர்கள், பேன்டை மேலே இழுங்கள்.

16. டேட்டன்வாசி

மனைவி இதைப் படித்துவிட்டு உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

சரி, நீட்டவில்லை. பட்டறையிலிருந்து வெளியே போன அன்றைய ஜாக்கெட்டாகவே தைக்கிறேன். ஆம்பூர்ப்பதம் சொன்ன ஆட்டுத்தோலில், செயற்கை நூல் கலக்காத பருத்தி நூலில். செயற்கைத் தேய்மானம் இல்லை, சின்னம் இல்லை, குண்டுப் படம் இல்லை. பழையதைத் தாள் சுற்றிப் பெட்டியில் படுக்க வைத்துவிட்டேன், ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னபடி எதுவும் தடவாமல்.

ஒன்றே ஒன்று பாக்கி. கழுத்துக்குக் கீழே அந்தச் செவ்வகம். போலி லேபிள் வைக்க மாட்டேன். வெறுமையாக விடவும் மனமில்லை. வெட்டப்போவது நீங்கள் என்றால், ஐயா, அங்கே உங்கள் பெயரைப் போடலாமா?

17. கத்தரிக்கோல்

நாற்பது ஆண்டில் எத்தனை ஆயிரம் லேபிள் என் மேசையைத் தாண்டிப் போயிருக்கும். இத்தாலிப் பெயர், ஜெர்மன் பெயர். என் பெயர் போட்டு ஒன்றும் போனதில்லை. யோசித்துச் சொல்கிறேன்.

போட்டால் “வெட்டியவர்” என்று மட்டும் எழுதாதீர்கள். பாதி தேய்ந்தால் “வெட்டி” என்று படிப்பான் எவனாவது.

காடாவின் வலக்கையை மடக்கி, ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி வைத்துப் பக்கவாட்டில் ஒரு படம் அனுப்புங்கள். கைக்குழிக்குப் பின்னால் ஒரு சுருக்கம் தெரிகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.